ஒரே ஓர் இரவு போதும்: ரேடார் வழிகாட்டிய ஆரம்பகால இடைமறிப்புகளைத் துருவிப் பார்ப்பது எப்படி

ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. 'போரில் ரேடார்' என்று பெரிய தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குறிப்புகள் மலைபோல் சேரும், ஒரு பக்கம்கூட எழுத வராது. எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் போனது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடித்து, பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் தின்னக் கொடுத்து, பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார்கிற ஆள் நான். சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன் இல்லை. என்னைப்போல நேரமும் காசும் குறைவாக வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போரில் இருட்டில் ஒரு விமானத்தை இன்னொரு விமானத்தின் வாலுக்குப் பின்னால் எப்படிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடைமறிப்பை ஒரு சங்கிலியாகப் பார்க்கப் பழக வேண்டும். தரையில் இருக்கும் ரேடார் பார்க்க வேண்டும், பார்த்தவர் அதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அறையில் அதை மேசை வரைபடத்தில் வைத்து 'இந்தத் திசையில் திரும்பு, இவ்வளவு உயரம் ஏறு' என்று வானொலியில் விமானிக்குச் சொல்ல வேண்டும், அவர் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் துப்பாக்கிப் பேச்சு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் 'ரேடார் கண்டுபிடித்தது' என்ற வரி மட்டும் ஆவணத்தில் தங்கிவிடும், இடைமறிப்பு நடந்திருக்காது.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1941 டிசம்பர் 8 விடியற்காலை, ஜப்பானியக் கடற்படையின் மிஹோரோ அணியைச் சேர்ந்த 17 குண்டுவீச்சு விமானங்கள் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஜொகூரின் மெர்சிங்கில் இருந்த ரேடார் நிலையம் அவற்றைச் சுமார் 75 கடல் மைல் தொலைவிலேயே பார்த்துவிட்டது. செம்பவாங்கில் 453 ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவின் மூன்று பஃபலோ போர் விமானங்கள் தயாராக நின்றன. டிம் விகோர்ஸ் என்ற விமானி, ஏறிப் போகிறேன் என்று அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. சொந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளே அவர்களைச் சுட்டுவிடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, விடியற்காலை நாலே காலுக்குக் குண்டு விழுந்தது. ரேடார் தன் வேலையைச் செய்தது, விமானமும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் இருந்த மனிதர்கள்தான் தடுமாறினார்கள்.

எந்த இரவை எடுப்பது என்று கேட்டால், பேப்பர் அதிகம் கிடைக்கிற இரவை எடுங்கள். 1940 ஜூலை 22/23 நல்ல தொடக்கம். அன்று பிரிட்டனின் 'ஃபைட்டர் இன்டர்செப்ஷன் யூனிட்' என்ற சோதனைப் பிரிவின் பிளென்ஹைம் விமானம் ஒன்று, ஆஷ்ஃபீல்ட் என்பவர் ஓட்ட, விமானத்துக்குள்ளேயே வைத்த ரேடாரைப் பயன்படுத்தி டோர்னியர் என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை சசெக்ஸ் கரைக்கு அப்பால் வீழ்த்தியது. விமான ரேடாரால் கிடைத்த முதல் வெற்றி என்று இதைத்தான் சொல்வார்கள். ஜெர்மன் பக்கம் வேண்டுமென்றால் 1940 அக்டோபர் 16: லுட்விக் பெக்கர், தரையிலிருந்த ஃப்ரேயா ரேடாரின் வழிகாட்டுதலில் செக் விமானிகளின் 311 ஸ்குவாட்ரனைச் சேர்ந்த வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார். ஆசியாவிலேயே வேண்டும் என்றால் 1943 ஜனவரி 15, கல்கத்தா. 176 ஸ்குவாட்ரனின் போஃபைட்டர் விமானத்தில் போன பிரிங் என்ற சார்ஜன்ட் ஒரே இரவில் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவு. பகலில் நடந்ததும் பரவாயில்லை என்றால் 1942 ஏப்ரல், இலங்கை. 5ஆம் தேதி கொழும்பில் விமானிகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஓடினார்கள். நாலே நாள் கழித்து 9ஆம் தேதி திருகோணமலையில் ரேடார் சுமார் 90 மைலிலேயே பார்த்துச் சொல்ல, ஹரிக்கேன் போர் விமானங்கள் நேரத்தோடு ஏறிவிட்டன. ஒரே தீவு, ஒரே எதிரி, ஒரே வாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது தமிழில் ஒழுங்காக எழுதினால் முதல் ஆளாக உட்கார்ந்து படிப்பேன்.

சரி, இரவைப் பிடித்தாயிற்று. அடுத்தது தேடுசொல். பாதிப் பேர் இங்கேதான் கவிழ்கிறார்கள். 1940 ஆவணத்தில் 'ரேடார்' என்ற சொல்லே இருக்காது. அது அமெரிக்கர்கள் வைத்த பெயர், பிரிட்டிஷார் 1943 வாக்கில்தான் அதற்கு மாறினார்கள். அதற்கு முன் அவர்கள் எழுதியது ஆர்.டி.எஃப். நிலையங்களுக்கு ஏ.எம்.இ.எஸ். என்று பெயர், பக்கத்தில் ஓர் எண். 1941 ஜூனில் பொதுமக்களிடம் சொன்னபோது 'ரேடியோலொகேஷன்' என்றார்கள், அதனால் அந்தக் காலச் செய்தித்தாளில் தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் போட்டால்தான் ஏதாவது கிடைக்கும். ஜெர்மன் என்றால் 'ஃபுங்க்மெஸ்'. இன்னொரு தொல்லை: விமானத்துக்குள் வைத்த ரேடாரை 'ஏர்போர்ன் இன்டர்செப்ஷன்', சுருக்கமாக ஏ.ஐ. என்பார்கள். இன்றைக்கு இணையத்தில் அந்த இரண்டு எழுத்தை அடித்தால் என்ன வந்து கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 'மார்க் 4' என்பது மாதிரியான கருவி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். சில ஸ்குவாட்ரன் குறிப்புகளில் ரகசியத்துக்காக 'விசேஷக் கருவி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். தரைக் கட்டுப்பாட்டாளர் 'ஆயுதத்தை ஃபிளாஷ் பண்ணு' என்றால் ரேடாரைப் போடு என்று பொருள், துப்பாக்கியை எடு என்று இல்லை. 'ஏஞ்சல்ஸ் பத்து' என்றால் பத்தாயிரம் அடி. 'பேண்டிட்' எதிரி, 'போகி' யாரென்று தெரியாதது. இந்தப் பேச்சுமொழி தெரியாமல் போர் அறிக்கையைப் படித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

பேப்பருக்கு வருவோம். பிரிட்டிஷ் தரப்பு எல்லாம் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம். ஏர் 27 என்பது ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடு, ஏர் 50 என்பது விமானிகள் சண்டை முடிந்து வந்து எழுதிக் கொடுத்த அறிக்கை. இரண்டிலும் நிறைய ஸ்கேன் ஆகியிருக்கின்றன, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். விமானத் தளங்களின் பதிவேடு ஏர் 28, ஸ்குவாட்ரனில் சேராத உதிரிப் பிரிவுகள் ஏர் 29. சோதனைப் பிரிவையும் ரேடார் நிலையங்களையும் இந்த 29க்குள்தான் தேட வேண்டும். கருவியைச் செய்த விஞ்ஞானிகளின் கோப்புகள் ஏவியா 7. வரிசை எண்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

பதிவேட்டில் இரண்டு பாரம் இருக்கும். 540 அன்றைய நாளைப் பற்றிய கதை. 541 யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்ற கணக்கு. எல்லோரும் 540ஐப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், அது பல நேரம் சில நாள் கழித்து ஓர் அதிகாரி உட்கார்ந்து மெருகேற்றி எழுதியது. எனக்கு 541தான் உசத்தி. கவர்ச்சி இல்லாத கட்டங்கள், ஆனால் பொய் சொல்ல அவற்றுக்குக் காரணம் குறைவு.

நகல் வாங்கும்போது ஒரு விஷயம். நான் ஒருமுறை வெளியாள் ஒருவரிடம் பணம் கட்டி ஒரு கோப்பைப் படமெடுக்கச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்தது, அழகாக, தெளிவாக, வேறு மாதத்தின் பக்கங்கள். குற்றம் பாதி என்னுடையது: 'ஜூலை கடைசி' என்று எழுதியிருந்தேன். கோப்பு எண், தேதி, பாரம் எண் மூன்றையும் எழுதுங்கள், தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துக் கேளுங்கள். நள்ளிரவைத் தாண்டிய சண்டை ஒரு பதிவில் 22ஆம் தேதியிலும் இன்னொன்றில் 23ஆம் தேதியிலும் கிடக்கும்.

மலாயாவுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாக ஓடாது. பின்வாங்கும் அவசரத்தில் நிறையப் பதிவேடுகள் எரிந்தன, தொலைந்தன, சில பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்பட்டன. இங்கே கைகொடுப்பது தளபதிகளின் அறிக்கைகள். தூரகிழக்கின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி புரூக்-போபமுடையதும் விமானப்படையைப் பற்றி மால்ட்பி எழுதியதும் 1948இல் லண்டன் கெஜட்டின் இணைப்பாக வந்தன, இணையத்தில் இலவசம். மால்ட்பி ஜாவாவில் போர்க்கைதியாகி, போர் முடிந்து விடுதலையானவர் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். 453 ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன் என்பதால் ஆஸ்திரேலியக் காப்பகத்தையும் விட்டுவிடாதீர்கள், அங்கே ஸ்கேன் செய்து போட்டிருப்பது தாராளம்.

இப்போது கடிகாரம். இந்த ஆராய்ச்சியில் எனக்கு அதிகமாகத் தலைவலி கொடுத்தது இதுதான். சிங்கப்பூர் தாக்குதலை எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் நேரத்தையும் ஜப்பானிய நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன், குண்டு விழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து விமானங்கள் ஊருக்கு வருகின்றன! மூன்று வாரம், ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது. 1941 செப்டம்பர் 1 முதல் மலாயா நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். ஜப்பானியப் படை எங்கே போனாலும் தோக்கியோ நேரம், ஒன்பது மணி நேரம் முன்னால். இங்கே 4.15 என்றால் அவர்கள் ஏட்டில் 5.45. ஐரோப்பாவிலும் இதே கூத்துதான். 1940 ஜூலையில் பிரிட்டிஷ் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஜெர்மன் கடிகாரம் இரண்டு மணி நேரம். 1941 மே மாதம் பிரிட்டன் 'இரட்டைக் கோடை நேரம்' கொண்டுவந்து அதுவும் இரண்டாகிவிட்டது. அதனால் ஓர் அட்டவணை போடுங்கள், முதல் பத்தி கிரீன்விச் நேரம், மற்றதெல்லாம் அப்புறம். எந்தத் தாளில் எந்தக் கடிகாரம் என்று உறுதியாகத் தெரியாத வரியைப் பென்சிலில் எழுதுங்கள்.

நேரத்தைச் சீராக்கியதும் கருவியை வைத்துக் கதையைச் சோதிக்கலாம். இதுதான் எனக்குப் பிடித்த இடம், ஏனென்றால் பகலெல்லாம் ஆஸிலாஸ்கோப் முன் நிற்கிறவன் நான், அந்தக் காலத்து ரேடார் திரையும் கிட்டத்தட்ட அதே பச்சைக் கோடுதான்.

மார்க் 4 என்ற விமான ரேடார் ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. அந்த அலைநீளத்துக்கு, விமான மூக்கில் வைக்கிற அளவு சின்ன ஆண்டெனாவால் கதிரைக் குறுக்க முடியாது, நாலா பக்கமும் பரவும், கீழேயும் போகும். கீழே போனது தரையில் பட்டுத் திரும்பி வந்து திரையில் கிறிஸ்துமஸ் மரம்போல் அகன்று நிற்கும், அதற்கு அப்பால் உள்ள எதுவும் தெரியாது. தரை எவ்வளவு தூரம்? விமானம் பறக்கிற உயரம்தான். ஆக பத்தாயிரம் அடியில் பறந்தால் பத்தாயிரம் அடி வரை, அதாவது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரைதான் எதிரி தெரிவான். இதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு ஏதாவது 'எட்டாயிரம் அடியில் இருந்தோம், மார்க் 4இல் ஆறு மைலுக்கு அப்பால் பிடித்துவிட்டேன்' என்று சொன்னால் ஒன்று உயரம் தப்பு, இல்லை தூரம் தப்பு, இல்லை கருவி வேறு. 1942 முதல் வந்த சென்டிமீட்டர் அலை ரேடார்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெருமளவு போய்விட்டது. எந்த மாதம், எந்த மார்க் என்று பார்க்காமல் பேசக் கூடாது என்பது இதனால்தான்.

நேரத்தையும் இப்படியே உரசிப் பாருங்கள். குண்டுவீச்சு விமானம் மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறது, பின்னால் வரும் பிளென்ஹைம் 400இல் வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 100, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டரில் திரையில் தெரிந்தவனை நெருங்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், நடுவில் மோதிவிடாமல் வேகத்தைக் குறைக்க வேண்டியதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அறிக்கையில் '23.05க்குத் தெரிந்தது, 23.06க்குச் சுட்டேன்' என்றிருந்தால் விமானி பொய் சொன்னார் என்று கிளம்பிவிடாதீர்கள். சுட்டு முடித்த பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

தரை ரேடாருக்கும் இந்த வேலை உண்டு. பிரிட்டிஷ் கரையோரத்தில் வரிசையாக நின்ற 'செயின் ஹோம்' ரேடார் நிலையங்கள் கடலைத்தான் பார்த்தன. எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கண்ணாலும் காதாலும் கவனிக்கிற பார்வையாளர்கள்தான் கதி, இருட்டில் அது பலிக்காது. 1940 அக்டோபரில் டரிங்டனில் தொடங்கிய ஜி.சி.ஐ. நிலையம்தான் (தரையிலிருந்தே இடைமறிப்பை நடத்தும் ரேடார் நிலையம்) எதிரியையும் நம் விமானத்தையும் ஒரே வட்டத் திரையில் காட்டி, கட்டுப்பாட்டாளரை நேரடியாக விமானியிடம் பேச வைத்தது. ஆரம்பத்தில் அதன் ஆண்டெனாவைச் சுற்ற மோட்டார் இல்லை, ஆட்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்துச் சுற்றினார்கள். ஆகவே உங்கள் இரவு அந்த அக்டோபருக்கு முன்னாலா பின்னாலா என்பது முக்கியம். முன்னால் என்றால் ஆஷ்ஃபீல்டுக்குக் கிடைத்த மாதிரி வழிகாட்டுதலும் அதிர்ஷ்டமும் சேர வேண்டும். அவர் சுட்ட விமானத்திலிருந்து சிதறிய எண்ணெய் முன்கண்ணாடியையே மூடிவிட்டது, அவ்வளவு கிட்டே போயிருக்கிறார்.

எதிர்த்தரப்பு நட்டப் பட்டியலைப் பார்க்காமல் எந்தக் 'கில்'லையும், அதாவது வீழ்த்தியதாகச் சொல்லும் கணக்கையும், எண்ணாதீர்கள். 1939 டிசம்பர் 18இல் ஜெர்மன் கரையோர ஹெலிகோலாந்து விரிகுடாப் பக்கம் வந்த வெலிங்டன்களை ஃப்ரேயா பார்த்தது. சேதி கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரத் தாமதமானாலும் சண்டை நடந்தது. வந்தது 22 விமானம். ஜெர்மன் விமானிகள் வீழ்த்தியதாகக் கோரியது 38. உண்மையில் போனது 12. யாரும் வேண்டுமென்றே புளுகவில்லை, ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு மூன்று பேரும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஜெர்மன் நட்டங்களுக்கு அவர்களுடைய குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் பட்டியல் இருக்கிறது. ஜப்பானியக் கடற்படை என்றால் ஜாக்கார் என்ற இலவச இணையக் காப்பகத்தில் விமான அணிகளின் 'கோடோ சோஷோ' என்னும் நடவடிக்கை அறிக்கைகளைத் தேடுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அவை அட்டவணையாக இருப்பதால் எண்ணும் நேரமும் பிடிபட்டுவிடும், மிச்சத்துக்குக் கைப்பேசி மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் பெயர்களை அதை நம்பி எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்களைப் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுபொறியில் தேதி போட்டே பார்க்கலாம்.

உள்ளூர்ச் சங்கதியும் வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ஆங்கில ஏடுகளோடு தமிழ் முரசும் இருக்கிறது. தணிக்கை இருந்ததால் இங்கே இருந்த ரேடார் நிலையங்களைப் பற்றி எதையும் எதிர்பார்க்காதீர்கள். விளக்கணைப்பு உத்தரவு, வானிலை, எந்தத் தெருவில் குண்டு விழுந்தது, இதெல்லாம் கிடைக்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அர்கிப் நெகாரா என்ற மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது, பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழக நூலகம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது கவனம். என் பாட்டி 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு ஓடினவர், நம் விமானம் என்று நினைத்துக் கை ஆட்டினார்களாம். 'அப்புறம் ரெண்டு நாள்ல ஒரு வெள்ளக்காரன் மலையில விழுந்தான்டா' என்பார். பாட்டி தேதியைச் சரியாகத்தான் வைத்திருந்தார். டிசம்பர் 13இல் பினாங்குக்கு மேல் சுடப்பட்டுத் தீக்காயத்தோடு பாராசூட்டில் குதித்தவர் அதே டிம் விகோர்ஸ்தான். ஆனால் அந்தச் சண்டையை ரேடார் இடைமறிப்பு என்று எழுத முடியாது, பகலில் கண்ணுக்குக் கண் நடந்தது. சுங்கைப்பட்டாணியில் 27 ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம்கள் இரவுச் சண்டைக்கென்று நின்றதைக் கேள்விப்பட்டு, அங்கே ரேடார் வேட்டை நடந்தது என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. முதல் நாளே தரையில் குண்டு வாங்கிய தளம் அது. இன்னொன்று, சப்பான்காரன் காலத்து நினைவென்றால் அவர்கள் சொல்லும் மணி தோக்கியோ மணியாக இருக்கலாம், 'வெளிச்சம் வந்துவிட்டதா, கோழி கூவியதா' என்று கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூர் விழுந்த பிறகு ஜப்பானியர் கையில் ஒரு பிரிட்டிஷ் ரேடார் தொழில்நுட்பக்காரரின் குறிப்புப் புத்தகம் சிக்கியது. அதில் 'யாகி' என்றொரு சொல் திரும்பத் திரும்ப வர, இதை எப்படி உச்சரிப்பது, என்ன பொருள் என்று எழுதியவரையே கேட்டார்களாம். அது அந்த ஆண்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் நம் பழைய வீடுகளின் கூரையில் துருப்பிடித்து நிற்கும் டிவி ஏரியல் அதே யாகிதான். என் அட்டவணையில் இந்தக் கதைக்கென்று ஒரு வரி உண்டு, விசாரணை நடந்த தேதிக் கட்டம் மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது.